மலைக்குள் புதைந்த பொக்லைன்

நொச்சிக்கரடு என்ற மலையை, அரசு அனுமதித்த ஆழத்தைத் தாண்டிக் கிடுகிடு பள்ளமாக வெட்டியிருந்தார் குவாரி முதலாளி பலராமன். விசாரணை வந்தது. ட்ரோனில் லேசர் கருவி பொருத்தி மலையை அளந்து, முப்பரிமாணப் படமாக்கும் வேலை பூவிழிக்குக் கிடைத்தது.

முதலாளி அவளைக் கூப்பிட்டார். "படத்துல பள்ளமே தெரியக்கூடாது. மலை முழுசா நிக்கோணும். இல்லேன்னா இந்த மாவட்டத்துல நீ ட்ரோனே பறக்கவிட முடியாது."

"சரிங்கய்யா," என்றாள் பூவிழி.

விசாரணை நாளில் திரையில் மலை முழுசாக எழுந்து நின்றது. முதலாளி மீசையைத் தடவிக்கொண்டார்.

"மலை அப்படியே இருக்குங்க மேடம்," என்று அதிகாரியிடம் சொன்னாள் பூவிழி. "ஆனா உள்ளே ஒரு பொக்லைன் புதைஞ்சு கிடக்குது. லேசர்ல பதிவாயிருக்கு. பூமிக்குள்ள கிடைக்கிற புதையல் அரசாங்கத்துக்குத்தானுங்களே?"

அதிகாரிக்குப் புரிந்துவிட்டது. "ஆமா. நாளைக்கே எடுத்துட்டு வரச் சொல்றேன்."

முதலாளி பதறி எழுந்தார். "ஐயோ, அது என் வண்டிங்க! எங்கேயும் புதையல. பள்ளத்துக்கு அடியில நிறுத்தி வச்சிருக்கேன்!"

"எந்தப் பள்ளம்?" என்று கேட்டார் அதிகாரி.

பூவிழி உண்மையான படத்தைத் திறந்தாள். குவாரிக்குப் பூட்டு விழுந்தது. ஊரே அவளைக் கொண்டாடியது.

அடிவாரத்தில் ஆடு மேய்க்கும் மாராத்தாள் மட்டும் அந்த முழு மலையைப் பார்க்க வேண்டுமென்று வந்தாள். வெகுநேரம் திரையையே பார்த்தாள்.

"அந்த ஆளு மிரட்டினதுக்கே மலையை நிமித்திட்டியே. நாங்க கும்பிட்டுக் கேக்கறோம். வெளியிலயும் இப்படி நிமித்திக் குடு கண்ணு."