இறைச்சிப் பானையில் ஒரு கரித்துண்டு

நாயும் நெருப்பும் மனிதரோடு வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில், பனங்காட்டுக்கு இந்தப் பக்கம் வெள்ளத்தாய் என்று ஒருத்தி இருந்தாள். அந்தப் பக்கம் அவள் மகள் மாடத்தி, பிள்ளை பெற்ற பச்சை உடம்போடு எழுந்திருக்க முடியாமல் கிடந்தாள்.

வெள்ளத்தாய் ஓர் ஆட்டுத் தொடையைச் சின்னப் பானையில் போட்டு மூடினாள். அடியில் நாலு நெருப்புக் கங்கு, மூடிமேல் நாலு கங்கு. விடிந்ததிலிருந்து மெல்ல மெல்ல வெந்து, எலும்பை விட்டுச் சதை தானாகக் கழன்றது. சாமியைக் கும்பிட்டுவிட்டுப் பானையைத் தலையில் தூக்கிக்கொண்டு புறப்பட்டாள்.

உச்சி வெயில். ஓர் ஓலைகூட அசையவில்லை. நடுக்காட்டில், முதுகுக்குப் பின்னால் மாடத்தியின் குரல் கேட்டது.

"யம்மா, பசிக்குது. ஒரு வாய் தா."

பெற்ற மனசு. படுத்துக் கிடப்பவள் இங்கே எப்படி வந்தாள் என்று யோசிக்காமல், பானையை இறக்கி மூடியைத் திறந்துவிட்டாள். யாருமில்லை. பானையிலிருந்து எழுந்த ஆவி மட்டும் மேலே போகாமல், யாரோ உறிஞ்சியதுபோல் ஒரு பக்கமாக வளைந்து போனது.

மகள் வீட்டில் மாடத்தி ஒரு துண்டை மென்று துப்பினாள். "என்னம்மா, வைக்கோல் மாதிரி இருக்கு?"

வாசலில் கிடந்த நாய்க்குப் போட்டார்கள். அது முகர்ந்து பார்த்து வாலை இடுக்கிக்கொண்டது. "எனக்கு வேண்டாம் அத்தை. இதை ஏற்கெனவே ஒண்ணு தின்னுட்டுப் போயிருக்கு."

மறுநாள் மாடத்திக்குப் பால் வற்றியது. மாலைக்குள் அவள் வயிற்றில் ஏதாவது இறங்காவிட்டால் தாயும் தங்காது, பிள்ளையும் தங்காது. மிச்சமிருந்தது இன்னொரு தொடைதான். வெள்ளத்தாய் வீடு திரும்பி, அதை வேகவைக்கக் கங்குகளை ஊதும்போது அவள் கண்ணீர் சுர்ரென்று விழுந்தது.

"அழுதே என்னை அணைச்சிராத தாயி," என்றது ஒரு கங்கு. "என்ன சங்கதி?"

சொன்னாள்.

"நான் மரமா இருந்தவன். நெருப்பு தின்னுட்டுப் போட்ட எச்சில். எத்தனை பசிச்சாலும் அந்தக் காட்டுப் பேய் அடுத்தவங்க எச்சிலைத் தொடாது. என்னை அணைச்சு இறைச்சி மேல வை."

"எச்சிலை என் மகளுக்கா குடுக்க?"

"நெருப்பு உங்களுக்குச் சாமியில்லியா? சாமி மிச்சம் வச்சா பிரசாதம்."

"அணைஞ்சா உனக்குப் பேச்சு போயிருமே?"

"போகட்டும். உன் மக பேசட்டும்."

இறைச்சி வெந்ததும் கைகூப்பிவிட்டு, கங்கின்மேல் தண்ணீர் தெளித்தாள்; அணைந்த கரியை இறைச்சிமேல் வைத்து மூடினாள்.

நடுக்காட்டில் அதே குரல். "யம்மா, பசிக்குது."

வெள்ளத்தாய் திரும்பவில்லை. பானையை இறக்கி, தானே மூடியைத் திறந்தாள். சில்லென்று ஒரு மூச்சு அவள் மணிக்கட்டில் பட்டது. முகர்ந்தது. வெகுநேரம் முகர்ந்தது.

"சீ," என்றது மகளின் குரல். "யாரோ வாய் வச்சது."

காய்ந்த ஓலை தரையில் இழுபடும் சத்தம் தூரத்தில் போய்த் தேய்ந்தது.

அன்று மாடத்தி கேட்டுக் கேட்டு வாங்கித் தின்றாள். பிள்ளையும் பால் குடித்துத் தூங்கியது.

அன்று முதல்தான், சமைத்த இறைச்சியை வெளியே எடுத்துப் போகிறவர்கள் மேலே ஒரு கரித்துண்டு வைக்கிறார்கள். அன்று முதல்தான் கங்கும் பேசுவதில்லை, ஊதினால் மட்டும் சிவந்து, என்னவோ சொல்ல வந்ததுபோல் படக்கென்று வெடித்து அடங்கிவிடுகிறது.