நடுவில் வரும் பந்து

பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால், ஒரு விளையாட்டுச் சாமான் கடையில், பேட்டுகளெல்லாம் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. ரொம்பப் பழைய காலம் என்று நினைத்துவிட வேண்டாம். போன மழைக்கு முந்தின வெயில்காலம்தான்.

அந்தக் கடைச் சுவரில் பச்சை என்று ஒரு ஷட்டில் பேட் தொங்கினாள். தலை இலேசு, தண்டு நன்றாக வளையும், விலையும் கையைக் கடிக்காது. இத்தனை இருந்தும் அவளை யாரும் எடுக்கவில்லை. வருகிறவர்கள் பக்கத்து ஆணியில் தொங்கிய தலையனைத்தான் முதலில் தொட்டார்கள். தலையனும் அதே விலைதான். ஆனால் கன்னங்கரேல் என்று மினுமினுப்பான், கனமெல்லாம் தலையில். அவனுடைய அண்ணன் தம்பிகள் ஒவ்வொருவராக விற்றுப்போய், இவன் ஒருவன்தான் மிச்சம்.

அன்று காலை கடைக்காரர் தவமணி தூசி தட்டிக்கொண்டே சொன்னார்: “நாளைக்குப் புதுச் சரக்கு வருது. இந்தப் பச்சை இன்னைக்குப் போகலேன்னா பரணுக்கு ஏத்திர வேண்டியதுதான்.”

பச்சைக்கு நரம்பெல்லாம் தளர்ந்துபோயிற்று. பரணுக்குப் போன கேரம் போர்டு ஒன்று இன்றுவரை கீழே இறங்கவில்லை.

“பயப்படாதே ஏட்டி,” என்றான் தலையன். “மேல எலி இருக்கு. உன் நரம்புல தினம் கச்சேரி வைக்கும்.”

“உன் வாய்க்கும் தலைக்கும் சரியாத்தான் இருக்கு,” என்றாள் பச்சை. சொல்லிவிட்டாளே தவிர, கண் வாசலிலேயே கிடந்தது.

சாயங்காலம் இரண்டு பெண்கள் வந்தார்கள். முன்னால் வந்தவள் ஜெனிட்டா, கையில் தன்னுடைய சிவப்பு பேட்டோடு. பின்னால் வந்தவள் ஹெப்சிபா. ஜெனிட்டாவின் அண்ணனைக் கட்டிக்கொண்டு அந்த வீட்டுக்கு வந்தவள்.

“மைனிக்கு ஒரு பேட் வேணும் அண்ணாச்சி,” என்றாள் ஜெனிட்டா. “டபுள்ஸ் ஆட. விலை எங்க கைக்கு அடங்கணும்.”

“காலனி ஆட்டத்துல வரிசையா தோக்கோம்,” என்றாள் ஹெப்சிபா. “எல்லாம் என் இரவல் பேட்டாலதான்.”

“இல்ல மைனி, என் ஆட்டம்தான் சரியில்ல.”

“நீ சும்மா இரு ஜெனி. தப்பு என் மேலதான்.”

“உங்க மேல எப்படி? என் மேலதான்.”

தப்பை இப்படிப் போட்டி போட்டுப் பிடிக்கிற இரண்டு பேரைப் பச்சை அதற்குமுன் பார்த்ததில்லை.

கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த வெள்ளி நிற பேட்டை ஜெனிட்டா காட்டினாள். தவமணி தலையை ஆட்டினார். “அது வேண்டாம்மா. தண்டு ரொம்ப விறைப்பு. நல்லாப் பழகின கைக்குத்தான் அது வளையும். விலையக் கேட்டா நீங்க விறைச்சிருவீங்க.” பிறகு தலையனையும் பச்சையையும் ஆணியிலிருந்து எடுத்தார். “இந்த ரெண்டையும் பின்னால ஆடிப் பாருங்க. நானும் எங்க வீட்டம்மாவும் எதிர்ல நிக்கோம்.”

அந்தக் கடையில் அதுதான் வழக்கம். கண்ணால் பார்த்து யாரும் வாங்க முடியாது. பின்கட்டுச் சிமெண்டுத் தரையில் வலை கட்டி, ஆடிப் பார்த்துத்தான் வாங்கவேண்டும்.

பெண்கள் செருப்பைக் கழற்றித் துப்பட்டாவை இழுத்துக் கட்டுகிற நேரத்தில், பெஞ்சில் பச்சைக்குப் பக்கத்தில் சிவப்பு பேட் வந்து படுத்தாள். அவள் பெயர் சிவப்பி.

“மைனிக்கு வரப்போறது நீதானா?” என்றாள் சிவப்பி. “பாவம் ஏட்டி நீ.”

“ஏன்? அவங்க கோவக்காரங்களா?”

“கோவமா! கோவப்பட்டாத்தான் தேவலையே. பந்து நடுவுல வந்தா இவ ‘நீங்க எடுங்க மைனி’ம்பா. அவங்க ‘நீ எடு ஜெனி’ம்பாங்க. பந்து ரெண்டு பேருக்கும் ஒரு கும்பிடு போட்டுட்டு நடுவுல உக்காந்துக்கும். வீட்டுலயும் இதே கதைதான். மைனி மனசு நோகக்கூடாதுன்னு இவளுக்கு. நாத்தனார் மனசு நோகக்கூடாதுன்னு அவங்களுக்கு.”

“நீயாவது எட்டிப் பிடிக்கலாம்லா?”

“நல்லாருக்கே! அந்த இரவல் பேட் என்ன நினைக்கும்? வந்த விருந்தாளி ஆச்சே. நானும் விட்டுருவேன்.”

“சரியாப் போச்சு,” என்றாள் பச்சை.

முதல் முறை தலையனுக்கு. எதிர்ப்பக்கம் தவமணியும் அவர் மனைவி ரூபியும் நின்றார்கள். பந்து உயரமாக வந்தது. ஹெப்சிபா ஓங்கி ஒரு போடு போட்டாள். டமார்! தவமணி குனிந்து தலையைக் காப்பாற்றிக்கொண்டார்.

“பாத்தியா ஏட்டி!” என்று பெஞ்சைப் பார்த்துக் கத்தினான் தலையன். பக்கத்தில் வந்த சிவப்பியிடம், “நீ ஒதுங்கி நில்லு. எல்லாம் நான் பாத்துக்கிடுதேன்,” என்றான்.

“அப்ப நான் எதுக்கு வந்தேன், உனக்கு விசிறவா?” என்றாள் சிவப்பி.

ரூபி லேசுப்பட்ட ஆள் இல்லை. அடுத்த பந்தை உயரத் தூக்கவேயில்லை. வலையை உரசிக்கொண்டு நேராக ஹெப்சிபாவின் இடுப்புக்கு அனுப்பினாள். தலையன் தன் தலையைத் திருப்பிக் கொண்டுவருவதற்குள் பந்து வயிற்றில் பட்டுக் கீழே விழுந்தது. அதற்கு அடுத்ததும் அப்படியே.

“கை வலிக்கு அண்ணாச்சி,” என்றாள் ஹெப்சிபா. “அடிச்சா இடி மாதிரி இருக்கு. தடுக்கத்தான் ஆள் வரமாட்டேங்கு. அந்தப் பச்சையக் குடுங்க.”

பச்சை ஹெப்சிபாவின் கைக்கு வந்தாள். ரூபி அதே இடுப்புப் பந்தை விட்டாள். ஹெப்சிபா நினைத்து முடிக்குமுன் பச்சை திரும்பியிருந்தாள். டிக். பந்து வலையைத் தாண்டி விழுந்தது.

“ஐ! ஜெனி, இது சொன்னபடி கேக்குடி!”

சொல்லாமலே கேட்டேன், என்று பச்சை நினைத்துக்கொண்டாள். அடுத்த பந்தையும் தடுத்தாள். இன்னொன்றை வலையோரம் மெல்லத் தட்டிவிட்டாள். பரண் கொஞ்சம் கொஞ்சமாகத் தூரப் போயிற்று.

அப்போதுதான் நடுவில் ஒன்று வந்தது.

“நீங்க எடுங்க மைனி!”

“நீ எடு ஜெனி!”

பந்து விழுந்தது. மறுபடி ஒன்று. அதுவும் விழுந்தது. மூன்றாவதைப் பெண்கள் தட்டுத்தடுமாறித் திருப்பி அனுப்ப, அது எதிர்ப்பக்கம் தவமணிக்கும் ரூபிக்கும் நடுவில் போயிற்று. “எனக்கு! ஏங்க, விடுங்க, எனக்கு!” என்று ரூபி போட்ட சத்தத்தில் தவமணி துள்ளி ஒதுங்கினார். ரூபி அடித்தாள்.

பந்து மறுபடி ஜெனிட்டாவுக்கும் ஹெப்சிபாவுக்கும் நடுவில்தான் வந்தது. பச்சைக்கு எல்லாம் ஒரே நொடியில் தோன்றிவிட்டது. இதுவும் விழுந்தால் பழி யார் தலையில் விழும்? இரவல் பேட்டின் மேல் விழுந்ததுபோல் நம் தலையில்தான். பிறகு பரண், கேரம் போர்டு, எலிக் கச்சேரி. விருந்தாளி மரியாதை எல்லாம் போகட்டும் என்று அவள் எக்கினாள். ஹெப்சிபாவின் கையும் கூடவே வந்தது.

அந்தப் பக்கம் சிவப்பிக்கும் அன்றோடு பொறுமை தீர்ந்திருக்க வேண்டும். அவளும் எக்கினாள்.

டக்!

இரண்டு தலைகளும் மோதின. பந்து மெதுவாகக் கீழே விழுந்தது. பச்சையின் நெற்றியில் பெயிண்ட் பெயர்ந்து ஒரு கீறல்.

“ஐயோ, புது பேட்!” என்றாள் ஜெனிட்டா.

பச்சை கண்ணை மூடிக்கொண்டாள். பந்தும் போயிற்று, நிறமும் போயிற்று. இனி பரணில்கூட முன்வரிசை கிடைக்காது.

ஹெப்சிபா கீறலைப் பார்க்கவில்லை. நாத்தனாரைப் பார்த்தாள். “ஏ ஜெனி, நீ எடுக்கவா வந்தே?”

“ஆமா மைனி. நீங்க?”

“நானும் எடுக்கத்தான் வந்தேன்.”

ஜெனிட்டாவுக்குச் சிரிப்பு வந்தது. ஹெப்சிபாவுக்கும் தொற்றிக்கொண்டது. வலைக்கம்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். “நான் இந்த வீட்டுக்கு வந்ததிலருந்து,” என்றாள் ஹெப்சிபா மூச்சு வாங்க, “நம்ம ரெண்டு பேரும் ஒரு பொருளுக்காக அடிச்சுக்கிட்டது இதுதான் முதல் தரம்!”

“பெயிண்ட் போயிருச்சேம்மா,” என்று தயங்கினார் தவமணி. “வேணும்னா அந்தக் கறுப்பை எடுத்துக்கிடுங்க.”

“இதுதான் வேணும் அண்ணாச்சி,” என்று பச்சையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள் ஹெப்சிபா.

தலையனுக்குப் பொறுக்கவில்லை. “பந்தையும் விட்டே, மூஞ்சியிலயும் வாங்கிக்கிட்டே. நீ எப்படி ஏட்டி விலை போனே?”

பச்சைக்குப் பதில் சொல்ல நேரமில்லை. உறைக்குள் போன உடனே சிவப்பியோடு பெரிய பேச்சு தொடங்கிவிட்டது.

“அடுத்த தரம் நீ ஒரு சத்தம் குடு. நான் ஒதுங்கிக்கிடுதேன்,” என்றாள் சிவப்பி.

“நீ முந்திச் சத்தம் குடுத்தா?”

“நீ ஒதுங்கு.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான். இது தெரியாமத்தான் இத்தனை ஆட்டம் தோத்திருக்கோம்!”

வீட்டில் சாப்பாட்டு மேசைக்கு மேலே ஒரே ஆணியில் இரண்டு பேரையும் மாட்டினார்கள். ராத்திரி எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். பொரித்த மீன். ஆளுக்கு ஆள் எடுத்து, கடைசியில் ஒரு துண்டு மிஞ்சிற்று.

“இனிமே வேடிக்கை பாரு,” என்று சிவப்பி கிசுகிசுத்தாள். “கடைசித் துண்டை இவ அவங்க பக்கம் தள்ளுவா, அவங்க இவ பக்கம் தள்ளுவாங்க. ஆறிப்போன பிறகு பூனைக்குப் போகும்.”

பூனை ஏற்கெனவே வந்து மேசைக்குக் கீழே வாலைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. தட்டு நடுவில் இருந்தது. ஜெனிட்டா மைனியைப் பார்த்தாள். மைனி மீனைப் பார்த்தாள்.

“எனக்கு!” என்றாள் ஹெப்சிபா.

ஜெனிட்டா சிரித்துக்கொண்டே தட்டை அவள் பக்கம் நகர்த்தினாள். “நாளைக்கு எனக்கு, மைனி.”

பூனை இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தது. பிறகு எழுந்து, சோம்பல் முறித்து, அடுத்த வீட்டுக்குப் போய்விட்டது.