மூன்றாம் மாடிக்கு ஒரு நாற்காலி

மாநகராட்சியின் மூன்றாம் மாடியில் தொண்டு அமைப்புகளுக்கு நிதி ஒதுக்கும் கூட்டம். லிஃப்ட் பழுது. மூட்டுவலிக்காரரான குழுத் தலைவர் சபாபதியை வாசலில் நின்ற இருவர் நாற்காலியோடு தூக்கிவந்தார்கள்.

கடைசி மனு, பழைய சுமைதூக்கி சுடலைமுத்துவுடையது. நடக்க முடியாதவர்களை அரசு அலுவலக மாடிகளுக்கு இலவசமாகத் தூக்கிச் செல்லும் சங்கம் அவருடையது. நிதி கிடைக்காவிட்டால் இந்த மாதத்தோடு மூடவேண்டும்.

"இதெல்லாம் ஒரு சேவையாய்யா? யாருக்குத் தேவை? நான் எழுந்திருக்கிறதுக்குள்ள ஒருத்தரைக் காட்டு, கையெழுத்துப் போடுறேன்" என்றார் சபாபதி.

"இங்கேயே இருக்காருங்கய்யா. காலையில உங்களைத் தூக்கிட்டு வந்தது எங்க ஆளுங்கதான்."

அறையில் சிரிப்பு. சபாபதி முறைத்தார். "அதுக்கு இப்ப என்ன?"

"ஒண்ணுமில்லீங்கய்யா. நீங்களே நடந்து கீழே இறங்கிட்டா, மனுவைத் திரும்ப வாங்கிக்கிறேன்."

சபாபதி கதவு வழியே படிக்கட்டைப் பார்த்தார். பிறகு பேனா கேட்டார்.