அறுத்துப் பார்த்த முத்து

"முத்துக்கு உரைகல் எது?" என்று கேட்டார் குழந்தைவேல் ஆசாரி.

"கிடையாது" என்றாள் செலின்.

"தங்கத்துக்கு உண்டே."

"அதனாலதான் அங்க நீங்க ஆசாரி. இங்க மாணவர்."

ஆசாரிக்கு ஐம்பத்தெட்டு வயது. கும்பகோணத்தில் நகைப் பட்டறை வைத்திருந்தார். செலினுக்கு முப்பத்தாறு. தூத்துக்குடியில் கடல் முத்துகளைத் தரம் பார்த்துச் சொல்பவள். அவள் ஒரு சரத்தைக் கையில் எடுத்து "வாங்கலாம்" என்றால் வியாபாரிகள் மறுபேச்சில்லாமல் வாங்குவார்கள்.

போன தை மாதம் ஆசாரி ஒரு கல்யாணப் பெண்ணுக்கு முத்துமாலை கட்டிக் கொடுத்திருந்தார். மூன்றே மாதத்தில் வியர்வை பட்டு முத்துகளின் தோல் உரிந்தது. உள்ளே பிளாஸ்டிக். அசல் கடல் முத்து என்று அவருக்கு விற்றவன் பன்னிரண்டு வருடப் பழக்கம்.

பெண் வீட்டார் மாலையை அவர் காலடியில் போட்டுவிட்டுப் போனார்கள். ஒரு வார்த்தை திட்டவில்லை.

அதற்குப் பிறகு அவர் யாரையும் நம்பவில்லை. பாலை முகர்ந்து பார்த்துத்தான் வாங்கினார். மகன் பூட்டிய பெட்டியை மறுபடி இழுத்துப் பார்த்தார். கடைசியில் முத்துப் பார்க்கக் கற்றுக்கொள்ளத் தூத்துக்குடிக்கு, செலினிடம் வந்து சேர்ந்தார்.

அவள் சொல்லிக் கொடுத்தாள். அசல் முத்தைப் பல்லில் மெல்ல உரசினால் நுண்மணல் போல நறநறக்கும். போலி வழுக்கும். அசல், கையில் எடுத்ததும் குளிரும், பிறகுதான் சூடேறும். ஒரே சரத்தில் இருந்தாலும் ஒன்று அச்சடித்ததுபோல் இன்னொன்று இருக்காது. துளை ஓரத்தில் பூச்சு பொரிந்திருந்தால் அந்தச் சரத்தைக் கீழே வைத்துவிட வேண்டும்.

"இதெல்லாம் வளர்ப்பு முத்துதானே? அசல்னு எப்படிச் சொல்றீங்க?"

"கடல்ல, உசிரோட இருக்கிற சிப்பிக்குள்ள வளர்ந்தது. அப்ப அசல்தானே?"

"உள்ள என்ன இருக்கு?"

"முதல்ல வெளியைப் பாருங்க."

மூன்றாம் நாள் மறுபடி கேட்டார். ஆறாம் நாளும் கேட்டார். அதே பதில்.

மறைக்கிறாள் என்று நினைத்தார். வியாபாரிகளிடம் இவளுக்கும் பங்கு இருக்குமோ? அவள் போனில் பேசும்போதெல்லாம் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

ஒன்பதாம் நாள் காலை செலின் அறையை ஆசாரியிடம் விட்டுவிட்டு வெளியே போயிருந்தாள். ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி தயங்கித் தயங்கி உள்ளே வந்தாள். பெயர் ஆவுடைத்தாய், ஊர் உடன்குடி என்றாள். கைக்குட்டையை அவிழ்த்து ஒற்றைச் சரம் ஒன்றை மேஜைமேல் வைத்தாள்.

"எங்க வீட்டுக்காரவிய கப்பல்ல சமையல்காரரா இருந்தாவ. ஜப்பான்ல வாங்குன கடல் முத்துன்னு சொல்லிக் குடுத்தாவ. போன மாசம் தவறிட்டாவ."

"விக்கணுமா?"

"இல்ல. அவிய வாயத் தொறந்தாலே பொய்னு ஊரே சொல்லும். இது மெய்யா? அதை மட்டும் பாத்துச் சொல்லுங்க."

ஆசாரி பார்த்தார். பல்லில் நறநறத்தது. கையில் குளிர்ந்தது. ஒன்றுக்கொன்று மயிரிழை வித்தியாசம் இருந்தது. துளைகள் சுத்தமாக இருந்தன.

எல்லாவற்றிலும் தேறியதே அவருக்குச் சந்தேகமாக இருந்தது.

"அறுத்துப் பாத்தாத்தான் நிச்சயமாச் சொல்ல முடியும். ஒண்ணே ஒண்ணு."

அவள் வெகுநேரம் சரத்தையே பார்த்தாள். "அறுங்க" என்றாள்.

பையிலிருந்து நகை அறுக்கும் மெல்லிய ரம்பத்தை எடுத்தார். முத்து இரண்டாகப் பிரிந்தது. உள்ளே வெள்ளையாக ஓர் உருண்டை. அதைச் சுற்றித் தோல் மாதிரி ஒரு பூச்சு.

நாற்பது வருடமாக அவர் பார்த்துப் பழகிய காட்சி. உள்ளே பித்தளை, மேலே தங்கம்.

"கவரிங்" என்றார்.

"அப்படின்னா?"

"உள்ள வேற. மேல பூச்சு."

அவள் அழவில்லை. "இது ஒண்ணையாவது நம்பலாம்னு நெனச்சேன்" என்றாள். சரத்தை எடுத்துக்கொள்ளாமலே வெளியே நடந்தாள்.

செலின் திரும்பி வந்ததும் ஆசாரி நடந்ததைச் சொல்லி, துண்டுகளை அவள் முன் தள்ளினார்.

"நீங்க சொன்ன சோதனை எல்லாத்துலயும் தேறுச்சு. உள்ள பாருங்க. இதைத்தான் என்கிட்ட மறைச்சீங்களா?"

அவள் லென்ஸை எடுத்துப் பார்த்தாள். நிதானமாகப் பார்த்தாள்.

"கவரிங்தான்."

"சொன்னேன் பாத்தீங்களா!"

"எல்லா வளர்ப்புக் கடல் முத்துலயும் அநேகமா ஒரு மணி இருக்கும். சிப்பி ஓட்டைக் கடைஞ்சு செஞ்ச மணி. மனுஷன்தான் அதை உள்ள வைக்கிறான்."

"அப்ப கவரிங்தானே?"

"பூசினது யாருன்னு பாருங்க."

லென்ஸை அவரிடம் நீட்டினாள்.

ஆசாரி பார்த்தார். பூச்சு ஒன்றல்ல. ஒன்றின் மேல் ஒன்றாக, எண்ண முடியாத அளவுக்கு மெல்லிய படலங்கள். அவருக்குத் தெரிந்த எந்தக் கையும் எந்தத் தூரிகையும் அப்படிப் பூசாது.

"எத்தனை நாள் வேலை இது?" என்றார். குரல் இறங்கியிருந்தது.

"ஒண்ணரை வருஷம் இருக்கும். தண்ணிக்கடியில, சிப்பி பூசினது."

"ஏன் முன்னாடியே சொல்லல?"

"நீங்க வெளியைப் பாக்கப் பழகட்டும்னு இருந்தேன்." செலின் துண்டுகளைக் கீழே வைத்தாள். "சொல்லியிருக்கணும். தப்புத்தான்."

மீதிச் சரத்தையும் துண்டுகளையும் எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"அந்தம்மா எந்தப் பக்கம் போனாங்க?" என்றாள்.

ஆசாரி செருப்பு மாட்டாமல் ஓடினார்.

பேருந்து நிலையத்தில், உடன்குடி பஸ் வரும் இடத்தில் ஆவுடைத்தாய் உட்கார்ந்திருந்தாள். அவர் மூச்சு வாங்கச் சரத்தையும் இரண்டு துண்டுகளையும் நீட்டினார்.

"மெய்தாம்மா. கடல் முத்துதான். அவர் பொய் சொல்லல. எனக்குத்தான் தெரியல."

அவள் வாங்கவில்லை. அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"அப்பம் பொய்னீங்க. இப்பம் மெய்ங்கீங்க."

"ஆமாம்மா."

"எதை நான் நம்ப?"

ஆசாரி சரத்தை நீட்டியபடியே நின்றார்.

பஸ் வந்தது. நடத்துநர் ஊர்ப் பெயரைக் கூவினார். அவள் எழுந்திருக்கவில்லை. பஸ் போனது.

ஆசாரி பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தார். சரத்தை இருவருக்கும் நடுவில் வைத்தார்.

"அவர் இதை எப்படிக் குடுத்தார்?" என்று கேட்டார்.

அவள் சரத்தின் பக்கம் திரும்பினாள்.

"கண்ணை மூடிக்கிட்டுக் கையை நீட்டச் சொன்னாவ" என்றாள். "நீட்டுனேன்."