மேல்வீட்டுக்கு ஒரு லெட்டர்

மங்கையர்க்கரசிக்கு வயது நாற்பத்திரண்டு. அங்கன்வாடியில் உதவியாளர். பிளஸ் டூ தேறினால் அங்கேயே டீச்சர் ஆகலாம். ஆங்கிலம் மட்டும் இரண்டு தடவை காலை வாரிவிட்டது. மூன்றாவது தடவைக்கு இன்னும் ஐந்து நாள்.

டியூஷன் எடுக்கும் ஸ்டெல்லா அவளைவிட ஏழு வயது இளையவள். இவள் அவளை மிஸ் என்பாள். அவள் இவளை அக்கா என்பாள்.

"மிஸ், இந்தத் தடவை எந்த லெட்டர் வரும்?"

"கேள்வித்தாள் தயாரிக்கிறவர் எனக்கு மாமனா, மச்சானா? கைடுல எத்தனை இருக்கு?"

"முப்பத்தாறு. அத்தனையும் மனப்பாடம்."

"போன தடவையும் அப்படித்தானே?"

"ஆமா மிஸ். வந்தது முப்பத்தேழாவது."

அப்போது பால்கனித் துணிக்கொடியில் தண்ணீர் சொட்டியது. மேல்வீட்டுக்காரர் செடிக்கு ஊற்றுகிறார். ஸ்டெல்லா மகனின் வெள்ளைச் சட்டையில் செம்மண் கறை.

ஸ்டெல்லா ஒரு தாளைக் கிழித்து நீட்டினாள்.

"அவருக்குத் தமிழ் தெரியாது. இங்கிலீஷ்ல எழுதிக் கொடுத்துட்டு வாங்க."

"நானா?"

"நான் போனா சண்டையில முடியும்."

மங்கையர்க்கரசி மளமளவென்று எழுதினாள். அனுப்புநர், எக்ஸ் எக்ஸ் எக்ஸ். பெறுநர், மாநகராட்சி ஆணையர். பொருள், குடிநீர்க் குழாய் உடைப்பு.

"ஆணையரா வந்து மாடியில செடிக்கு ஊத்துறாரு?"

"பதினாலாவது லெட்டர் மிஸ். தண்ணின்னா அதான்."

"எக்ஸ் எக்ஸ் எக்ஸ்னு உங்களுக்குப் பேர் வச்சது யாரு, உங்க அப்பாவா?"

ஸ்டெல்லா கைடைப் பிடுங்கி நாற்காலியில் போட்டாள். அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

அரை மணி நேரம் பேனாவைக் கடித்தபின் நாலு வரி வந்தது. உங்கள் செடித் தண்ணீர் எங்கள் துணியில் விழுகிறது. சட்டை பள்ளிக்குப் போக வேண்டும். தயவுசெய்து பார்த்து ஊற்றுங்கள். செடி அழகாக இருக்கிறது. கீழே தன் பெயரைப் போட்டாள். மாடிக்குப் போய்க் கொடுத்துவிட்டு ஓடி வந்தாள்.

மறுநாள் கொடியில் ஒரு சொட்டு இல்லை. கதவிடுக்கில் அதே தாள் கிடந்தது. பின்பக்கம் ஆங்கிலத்தில் பதில்: மன்னியுங்கள். தொட்டிக்கு அடியில் தட்டு வைத்துவிட்டேன். செம்பருத்தி பிடிக்குமென்றால் ஒரு கிளை தருகிறேன்.

மங்கையர்க்கரசி அதை மூன்று தடவை படித்தாள். கைடைத் திருப்பிக் கேட்க மறந்துபோனாள்.

பரீட்சை முடிந்ததும் நேராக ஸ்டெல்லா வீட்டுக்கு வந்தாள். முகமெல்லாம் வியர்வை.

"முப்பத்தாறுல ஒண்ணுகூட வரல மிஸ்."

ஸ்டெல்லா வெங்காயம் நறுக்குவதை நிறுத்தினாள். "அப்புறம்?"

"ஞாயித்துக்கிழமையும் நூலகத்தைத் திறக்கச் சொல்லி நூலகருக்கு எழுதணும். ஒரு நிமிஷம் திக்குன்னு ஆயிருச்சு. அப்புறம் என்னையே நெனச்சுக்கிட்டேன். வேலைக்குப் போறவளுக்கு ஞாயிறு விட்டா வேற நாள் ஏதுன்னு எழுதிட்டேன்." நீளமாக மூச்சு விட்டாள். "தப்பு நிறைய இருக்கும் மிஸ்."

"இருக்கட்டும். படிச்சா அந்த நூலகர் என்ன பண்ணுவாரு?"

மங்கையர்க்கரசி யோசித்தாள். மெல்லச் சிரித்தாள்.

"திறந்துருவாரு."

ஸ்டெல்லா மறுபடி வெங்காயத்தை எடுத்தாள்.

"கொடியில இருக்கிற துணியை எடுத்துட்டு வாங்கக்கா. காய்ஞ்சிருக்கும்."