உப்பில்லாத தளிகை

"சாமி, உப்பு இல்லாத சோத்தை மனுஷன் எப்படித் தின்பான்?"

மடைப்பள்ளி வாசலில் நின்றபடி தணிகாசலம் கேட்டார். கேள்வி சண்டைக்கு இழுப்பதுபோல இருந்தது.

உள்ளே சமையல்காரர் ஆராவமுதன் புளியோதரை கிளறிக்கொண்டிருந்தார். தணிகாசலத்துக்கு மகன் வயதுதான் இருக்கும்.

அந்தக் கோயில் பெருமாளுக்குச் சமைத்துப் படைக்கும் தளிகை எதிலும் உப்பு கிடையாது. காலங்காலமாக அப்படித்தான். ஆனாலும் பிரசாதத்துக்கு வெயிலில் வரிசை நிற்கும்.

"எதுக்குக் கேக்கறேள்?"

"என் சம்சாரத்துக்கு இதயம் வீங்கியிருக்கு. உப்பே ஆகாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். நான்தான் சமைக்கிறேன். ரெண்டு வாய்க்கு மேல அவளுக்கு இறங்கல. ஆள் பாதியாயிட்டா."

முப்பத்தைந்து வருஷம் மின்கம்பம் ஏறிய மனிதர். ஓய்வு பெறும்வரை வீட்டில் வெந்நீர்கூட வைத்ததில்லை. இப்போது சட்டைப்பையில் சமையல் குறிப்பு நோட்டு.

"மல்லியையும் மிளகையும் வறுத்து அன்னன்னிக்கே பொடி பண்ணுங்கோ. வாசனை தூக்கும்" என்றார் ஆராவமுதன்.

தணிகாசலம் எழுதிக்கொண்டார்.

ஒரு வாரம் கழித்து வந்தார். "தும்மல்தான் வந்தது சாமி. அவ சாப்பிடல."

"எலுமிச்சம்பழத்தை அடுப்பை அணைச்சப்புறம் பிழியுங்கோ. காயை ரொம்ப வேக வைக்காதேங்கோ. சூடா பரிமாறுங்கோ."

அதையும் எழுதிக்கொண்டார். அதையும் செய்தார். மனைவி ரஞ்சிதம் தட்டை நகர்த்தி வைத்தாள்.

மூன்றாம் முறை வந்தபோது அவர் நோட்டை வெளியே எடுக்கவில்லை.

"இப்படியே போனா மூக்குல குழாய் போட்டுத்தான் கஞ்சி ஊத்தணும்னு டாக்டர் சொல்லிட்டார். எனக்குப் பயமா இருக்கு சாமி."

ஆராவமுதன் கிளறிக்கொண்டே கேட்டார்.

"நான் என்ன சும்மாவா இருக்கேன்? காலைல அவளுக்கு ஒரு சமையல். அது முடிஞ்சு எனக்கு ஒரு சமையல். இடுப்பு ஒடியுது."

கரண்டி நின்றது.

"உங்களுக்குத் தனியாவா?"

"ஆமா. வத்தக்குழம்பு, சுட்ட அப்பளம். எனக்கு உப்பு ஆகாதுன்னு எந்த டாக்டரும் சொல்லலையே!"

"எங்க உக்காந்து சாப்பிடறேள்?"

"அவ எதிர்லதான். தனியா விட்டா பாவம் இல்லையா?"

ஆராவமுதன் திரும்பவும் கிளற ஆரம்பித்தார். இருந்துவிட்டுப் போங்கள் என்று மட்டும் சொன்னார்.

பூஜை முடிந்தது. வரிசையும் கலைந்தது. ஆராவமுதன் இரண்டு வாழையிலை போட்டு, ஒரே பாத்திரத்திலிருந்து இரண்டிலும் புளியோதரை வைத்தார். ஒன்றின் முன் தணிகாசலத்தை உட்காரச் சொன்னார். மற்றதன் முன் தானே உட்கார்ந்தார்.

காலையிலிருந்து அடுப்பில் வெந்த மனிதர். பசியோடு அள்ளி அள்ளிச் சாப்பிட்டார்.

தணிகாசலத்துக்கு மூன்றாவது வாய் இறங்கவில்லை.

"சாமி, நைவேத்தியம்தான் முடிஞ்சுபோச்சே. உங்களுக்காவது தொட்டுக்க ஏதாவது..."

"பெருமாள் இதைச் சாப்பிடறார்" என்றார் ஆராவமுதன். "அவர் எதிர்ல உக்காந்துண்டு நான் மட்டும் ஊறுகாய் நக்கட்டுமா?"

தணிகாசலம் மறுபடி இலையில் கை வைத்தார். மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு எழுந்தார்.

மறுநாள் வீட்டில் ஒரே சமையல்தான்.

இரண்டு தட்டிலும் பூசணிக்காய்க் கூட்டும் சோறும் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். ரஞ்சிதம் அவர் தட்டை எட்டிப் பார்த்தாள். அடுக்களைப் பக்கமும் பார்த்தாள்.

"உங்க குழம்பு எங்க?"

"இதுதான்."

"இன்னிக்கு மட்டுமா?"

"இனிமே இதுதான்."

ஒரு கவளம் வாயில் போட்டார். முகம் தானாகக் கோணியது. சமாளித்து விழுங்கப் பார்த்தார். முடியவில்லை, தண்ணீர்ச் செம்பைத் தேடினார்.

ரஞ்சிதம் சிரித்துவிட்டாள். இரண்டு மாதத்தில் அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது. அவருக்குக் கண் கலங்கியது.

"நிஜமாவே நல்லாத்தான் இல்ல" என்றாள். "பூசணிக்காயைப் பச்சையா போட்டிருக்கீங்க. கொஞ்சம் எண்ணெயில வதக்கிட்டுப் போடணும். கடைசியில தேங்காய் அரைச்சு ஊத்தணும். நாளைக்கு நான் பக்கத்துல உக்காந்து சொல்றேன்."

அவர் தலையாட்டினார்.

"சரி சரி, பார்த்துக்கிட்டே இருக்காதீங்க. எனக்கு இன்னும் ஒரு கரண்டி போடுங்க."