காவலில்லாத கிரகங்கள்

முதலில் கேட்டது ஒரு முனகல்தான்; கிணற்றுக்குள் யாரோ வாயைப் பொத்திக்கொண்டு அழுவது போல. ஞானதுரை அண்ணாச்சியின் கேம் சென்டரில், திரைக்குள் விண்கப்பல்கள் சாகிற சத்தம் அது.

அண்ணாச்சி ஒரு கிரகத்தைக் காவலில்லாமல் விடுவார். கம்ப்யூட்டரின் படை ஆசையாக வந்து இறங்கும். ஒளிந்திருக்கும் கப்பல்கள் பின்னாலிருந்து சுட்டுத் தள்ளும். என்றைக்கும் இதே கதை. அவரை ஜெயிக்க ஆளில்லை என்று ஊரெல்லாம் பேச்சு.

கீபோர்டு துடைத்துக்கொண்டிருந்த சூசையம்மாள், "மெஷின் பாவம் அண்ணாச்சி. ஒருநாளாவது குழி வெட்டாம ஆடிப் பாருங்களேன்," என்றாள்.

ஆட வந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அண்ணாச்சிக்கு முகம் கறுத்தது.

"நீ ஆடேன். ஒரு போர்க்கப்பல்கூடக் கட்டாம, பாதிக்கு மேல கிரகத்துல ஆளைக் குடியேத்தி ஜெயிச்சுக் காட்டு. தோத்தா நாளையிலிருந்து வேலைக்கு வராத."

"சரி அண்ணாச்சி. மெஷினுக்குப் பதிலா நீங்க உக்காருங்க."

"உனக்கு நேரம் சரியில்ல," என்று உட்கார்ந்தார்.

அவள் குடியேற்றிய கிரகங்கள் இருட்டில் ஒவ்வொன்றாக விளக்கேற்றிக்கொண்டன. எதற்கும் காவல் இல்லை. அண்ணாச்சி படையை முன்னால் அனுப்புவார், பாதி வழியில் திருப்பி அழைப்பார். அந்த வெறும் இருட்டு தன்னையே உற்றுப் பார்ப்பதாக அவருக்குப் பட்டது.

"எங்க ஒளிச்சு வச்சிருக்க?" என்றார், குரல் இறங்கி.

அவள் அடுத்த கிரகத்தில் ஆளை இறக்கினாள். பாதிக்கு மேல் கிரகங்களில் விளக்கு எரிந்தது. வெற்றி அவளுக்கு என்றது திரை.

"எங்கேயும் ஒளிக்கல அண்ணாச்சி. மெஷினா இருந்தா நேரா வந்து அடிச்சிருக்கும், நான் தோத்திருப்பேன்."

யாரும் சிரிக்கவில்லை. சூசையம்மாள் துணியை உதறிவிட்டு அடுத்த கீபோர்டைத் துடைக்கத் தொடங்கினாள்.